கல்வெட்டுக்காகக் காத்திருந்த கழிப்பறை

ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அலுவலகத்திலிருந்து போன் வருகிறது. நலம் விசாரிக்க அல்ல. "சார், ஒரு சின்ன டவுட்டு. எம்.பி. வராரு, எம்.எல்.ஏ. வராரு, வாரியத் தலைவர் ஒருத்தரும் வராரு. கல்வெட்டுல யாரை மேல போடறது?" என்று என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் தம்பி கேட்பார். நான் சொல்வேன். எந்த விழாவில் யார் பெயர் எங்கே வரவேண்டும் என்பது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். மயிலாப்பூரில் அறுபது வருஷமாக இருக்கிறேன். கபாலீசுவரர் கோயில் பதிகம் ஒன்றுகூட முழுசாக மனப்பாடம் இல்லை. இது மட்டும் இருக்கிறது.

போன வாரம் அதே தம்பி வேறு சமாசாரம் சொன்னார். இனிமேல் கல்வெட்டு கிடையாதாம். திரை மாதிரி ஒரு பலகை வைப்பார்களாம், பெயர்கள் அதில் ஓடிக்கொண்டே இருக்குமாம், மேலே கீழே என்ற தகராறே வராதாம். "உங்க சர்வீஸ்ல கல்வெட்டால பெரிய பிரச்னை எதாவது வந்துருக்கா சார்? எழுதிக் குடுங்க, நம்ம சங்க மலர்ல போடறோம்" என்றார். வந்திருக்கிறது. ஒரு கழிப்பறையால் வந்தது. மலரில் போடுவாரோ மாட்டாரோ, எழுதிவிடுகிறேன்.

நான் தட்டச்சராகச் சேர்ந்து, உதவியாளராகி, கடைசியில் தி.நகர்ப் பக்கத்து மாநகராட்சி மண்டல அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். கோப்பு, தபால், வருகைப் பதிவேடு எல்லாம் எல்லாக் கண்காணிப்பாளரும் பார்ப்பதுதான். என்னிடம் கூடுதலாக ஒட்டிக்கொண்டது விழா வேலை. சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத் திறப்பு விழா அழைப்பிதழில் ஒருவர் பெயரை 'முன்னிலை'யில் போடாமல் 'வாழ்த்துரை'யில் போட்டுவிட்டேன். அவர் மேடை ஏறி, அழைப்பிதழைப் பிரித்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்து, இறங்கிப் போய்விட்டார். அவர் கூட்டி வந்த இருநூறு பேரும் பின்னாலேயே போனார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்து விருந்தினர் பேசினார். அடுத்த ஒரு மாதம் என்னை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, 'வாழ்த்துரை' என்றே கூப்பிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பயம், அப்புறம் அதுவே என் திறமை என்று பெயர் வாங்கிவிட்டது.

கல்வெட்டு ஒன்று தயாராவது லேசான காரியமில்லை. முதலில் வாசகம். திறந்து வைப்பவர், தலைமை, முன்னிலை, பிறகு அதிகாரிகள். சமமான பதவி என்றால் எழுத்தின் உயரமும் சமமாக இருக்கவேண்டும். வரைவை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவருடைய உதவியாளரிடமும் போய் ஒப்புதல் கையெழுத்து வாங்கவேண்டும். கடைசி ஆள் ஒரு திருத்தம் சொன்னால் முதல் ஆளிடம் மறுபடி போகவேண்டும். அதன் பிறகு சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் கல் கடை. கருங்கல்லில் எழுத்து வெட்டி, பொன் நிறம் பூசி, காயவைத்துத் தருவார்கள். எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்துப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்ற விடுவேன். சுவரில் பதித்ததும் மேலே ஒரு வெல்வெட் திரை, இழுக்க ஒரு கயிறு. விழாவுக்கு முன் அந்தக் கயிற்றை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். வளையம் சிக்கிக்கொண்டு அமைச்சர் ஒருவர் திரையோடு மல்லுக்கட்டியதை நேரில் பார்த்தவன் நான்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் தனலட்சுமி அம்மா வந்து சேர்ந்தார். எங்கள் மண்டலக் குழுத் தலைவர். மாநகரம் முழுவதற்கும் ஒரு மேயர் உண்டு. எங்கள் மண்டலத்து வார்டுகளுக்கு மட்டும் இவர். ஆனால் ஜனங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது. வந்த முதல் வாரமே 'மேயரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "நான் மேயர் இல்லம்மா" என்று சில நாள் திருத்தினார். அப்புறம் விட்டுவிட்டார்.

வடபழனியில் சினிமாக் கம்பெனிகளுக்கு உடை தைத்துக்கொண்டிருந்தவர் அவர். கைப்பையில் எப்போதும் ஒரு இன்ச் டேப் இருக்கும். பதினொரு மணிக்கு முன்னால் அவரை அவர் அறையில் பார்க்க முடியாது. காலையில் ஏதாவதொரு தெருவில் நடந்துகொண்டிருப்பார், என்னையும் கூடவே இழுத்துக்கொண்டு. எனக்கு முழங்கால் வலி என்று சொல்லிப் பார்த்தேன். "நடந்தா சரியாப் பூடும் சூப்ரண்டு சார்" என்றார். கண்காணிப்பாளர் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு தீபாவளிக்கு முன்னால் பெரிய ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், தன் கடை வாசலில் நடைபாதைப் பெண்கள் வழியை அடைத்து உட்காருகிறார்கள் என்று புகார் கொடுத்தார். அம்மா நேரே போய் டேப்பை எடுத்தார். முதலில் கூடைகளை அளந்தார். பிறகு குனிந்து, கடையின் படிக்கட்டை அளந்தார். கடைக்காரர் எதற்கு என்று கேட்டார்.

"அவ கூடை ஒரு அடி வெளிய கீது. உங்க படி ஒன்றரை அடி வெளிய கீது. நானு யாரைப் போய் எழுப்பறது, நீங்களே சொல்லுங்க" என்றார் அம்மா.

கடைக்காரர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததால் காரியம் நடந்தது. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி, சரக்கு லாரி எந்த நேரத்தில் நிற்பது, கூடைகள் எந்தக் கோட்டுக்கு உள்ளே இருப்பது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டார்கள். அந்தத் தீபாவளிக்கு எங்களுக்கு ஒரு புகாரும் வரவில்லை. கோப்பே இல்லாமல் ஒரு விஷயம் முடிவதை என் சர்வீஸில் அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பேச்சுவார்த்தை முடிந்து எழுந்திருக்கும்போதுதான் கஸ்தூரி என்ற பெண்மணி வாயைத் திறந்தார். ஐம்பது வயது இருக்கும். ஹேர்பின், ரிப்பன், ஊக்கு, பாவாடை நாடா விற்பவர். அடையாற்றங்கரையில் குடியிருந்தவர்களை ஊருக்கு வெளியே குடிமாற்றியபோது அவரும் போனவர். விடியுமுன் பஸ் ஏறித் தி.நகர் வருவார், இரவு கடை சாத்திய பிறகு திரும்புவார். "கோடு போட்டது சரிம்மா. காலைல வந்தா ராவுக்குத்தான் வூட்டுக்குப் போறோம். நடுவுல ஒன்னுக்கு வந்தா எங்க போறது? கடைக்காரங்க உள்ள வுட மாட்டாங்க. ஓட்டல்ல காப்பி வாங்கினாத்தான் வுடுவாங்க, அத்தைக் குடிச்சா மறுபடி வருது" என்றார். சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். கஸ்தூரி சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே கழிப்பறைக்கு இடம் பார்த்தாகிவிட்டது. கடைத்தெருவின் ஓரத்தில், பழைய தண்ணீர்த் தொட்டி இருந்த மூலை. பொறியாளர் வரைபடம் கொண்டுவந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உள்ள போறவ புடவையைத் தூக்கிப் புடிச்சுக்கினு நிப்பா. கைல சரக்குப் பை கீது. ஈரத் தரையில வெப்பாளா? பையை எங்க மாட்டுவா?" என்று கேட்டார். பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஒவ்வொரு அறையிலும் கொக்கி, கூடை வைக்க ஒரு பலகை, கைக்குழந்தைக்காரிக்கு உட்கார ஒரு திண்டு, எல்லாவற்றுக்கும் உயரம் அவரே அளந்து சொன்னார். ரவிக்கை அளவு எடுக்கிற கவனம் அதில் இருந்தது.

கட்டடம் ஆனி மாதம் முடிந்தது. வாசல் சுவரில் கல்வெட்டுக்கென்று சதுரமாக ஒரு பள்ளம் விட்டிருந்தார்கள். ஒப்பந்ததாரர் சாவியை என்னிடம் ஒப்படைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சாவி என் மேசை இழுப்பறைக்குள் போயிற்று. வெறும் கதவைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? விழா இல்லாமல் திறக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. கட்டடம் முடிந்தால் கல்வெட்டு, கல்வெட்டு வந்தால் விழா, விழா முடிந்தால்தான் கதவு.

நான் வழக்கப்படி பெரிய இடத்துக்குத் தேதி கேட்டு எழுதினேன். அங்கிருந்து உதவியாளர் போனில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஐயாவைக் கழிப்பறை திறக்கவா கூப்பிடறீங்க? கூட நல்லதா ஏதாச்சும் சேருங்க. ரெண்டும் சேந்து ஒரே மேடையில வெச்சுக்கலாம்" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பக்கத்தில் ஒரு பூங்காவைப் புதுப்பிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. அதோடு சேர்த்துவிட்டேன். பூங்கா முடியாமல் கழிப்பறை திறக்காது என்று ஆயிற்று. இதை நான் செய்தேன், வேறு யாரும் செய்யவில்லை.

ஆடி பிறந்தது. ஆடியில் எதையும் திறக்க மாட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் புதன்கிழமை மனு வாங்கும் நாள். ஒவ்வொரு புதனும் கஸ்தூரி வருவார். ஒரே மனு. அதை நான் பதிவேட்டில் எழுதி எண் போட்டுத் தருவேன்.

"ஆடி கழியட்டும்மா" என்றேன் ஒருநாள்.

"ஆடி மாசத்துல மட்டும் ஒன்னுக்கு வராதா சார்?" என்றார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார். பக்கத்து மேசைப் பெண் ஊழியர் தலையைக் குனிந்துகொண்டார். நான் மனுவுக்கு எண் போட்டேன்.

ஆவணியில் பூங்கா முடியவில்லை. புரட்டாசியில் முடிந்துவிடும் என்று தேதி வாங்கி, தேதியோடு கல்லையும் வெட்டிவிட்டோம். வெட்டிய கல்லைப் பார்க்கத் தனலட்சுமி அம்மா சிந்தாதிரிப்பேட்டைக்கே வந்தார். அது அவர் பெயர் வருகிற முதல் கல்வெட்டு. ஆறாவது வரியில் இருந்தது. பொன் நிறம் காயாத எழுத்தைத் தொடப் போய், கையை எடுத்துக்கொண்டார். "எங்கப்பா பாத்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். விழாவுக்கு முதல் நாள் பெரிய இடத்திலிருந்து வர இயலவில்லை என்று செய்தி வந்தது. தேதி வெட்டிய கல் வீணாயிற்று. அடுத்த தேதிக்குக் காத்திருந்தோம்.

ஐப்பசி முதல் புதன் கஸ்தூரி வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த புதனும் வரவில்லை. அவருக்குப் பதில், அவர் பக்கத்தில் சீப்பு, கண்ணாடி விற்கும் பெண் வந்தார்.

"கஸ்தூரிக்கா ஆஸ்பத்திரில கீது சார். காச்சல், இடுப்பு வலி. தண்ணியே குடிக்காம, அடக்கி அடக்கி வெச்சு, கிட்னில சீழ் பூந்துக்கிச்சாம். இனிமே மணிக்கு ஒருவாட்டி தண்ணி குடிக்கணும், அடக்கக் கூடாது, முடியாதுன்னா பிளாட்பாரம் யாவாரத்தை வுட்டுட்டு வூட்டோட இருன்னு டாக்டரு சொல்லிட்டாரு. தீபாவளி வருது. இப்போ வுட்டா இடம் பூடும் சார். நாங்க தினிக்கும் அது தார்ப்பாயை விரிச்சு நாலு ரிப்பனை வெச்சு இடத்தைப் புடிச்சு வெச்சுக்கினு கீறோம். எத்தினி நாளு புடிக்கிறது?"

அவர் மனு எதுவும் கொடுக்கவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். பதிவேட்டைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பழைய பக்கங்களில் கஸ்தூரி, கஸ்தூரி என்று என் கையெழுத்திலேயே வரிசையாக இருந்தது.

அன்று மாலை வீட்டில் இதை மனைவியிடம் சொன்னேன். நான் அலுவலக விஷயம் வீட்டில் பேசுகிறவன் இல்லை. அன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தண்ணியே குடிக்காம ஒருத்தி எப்படித்தான் நாள் பூரா இருப்பா" என்றேன்.

"நானும்தான் இருப்பேன்" என்றாள்.

"நீ எதுக்கு?"

"தி.நகர் போறதுன்னா காலம்பற காபியோட சரி. அப்புறம் ஆத்துக்கு வந்துதான் ஒரு வாய் ஜலம். நம்ம கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான். உங்க அக்காவும் அப்படித்தான். மாடியாத்து மாமியும் அப்படித்தான்."

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

"இதைப் போய் என்னன்னு சொல்றது? நீங்களும் பக்கத்துல பையைத் தூக்கிண்டு வந்துண்டுதானே இருந்தேள்" என்று சொல்லிவிட்டு, கீரைத் தண்டை ஒடித்துத் தட்டில் போட்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை தீபாவளிக்கு அவளோடு அந்தத் தெருவில் நடந்திருப்பேன். இளநீர் வாங்கித் தரட்டுமா என்று கேட்பேன், வேண்டாம் என்பாள், சிக்கனக்காரி என்று நினைத்துக்கொண்டு நான் மட்டும் குடிப்பேன்.

மறுநாள் காலை சீக்கிரமே அலுவலகம் போய் விதிப் புத்தகத்தை எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் அதுதான். புதுக் கட்டடத்தை ஒப்பந்ததாரரிடமிருந்து முழுமையாக ஏற்றுக்கொள்ளும் முன், தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்ப் போக்கும் சரியாக இயங்குகின்றனவா என்று பயன்படுத்திச் சோதிக்கலாம் என்று ஒரு விதி உண்டு. சோதனைப் பயன்பாடு என்று அதற்குப் பெயர். சோதிப்பவர் அலுவலக ஊழியராகத்தான் இருக்கவேண்டும் என்று எங்கேயும் போடவில்லை. ஒரு குறிப்பு எழுதினேன். 'பொதுமக்கள் பயன்பாட்டின் மூலம் உடனே சோதனை தொடங்கலாம். முறைப்படியான திறப்பு விழா பின்னர் தனியே நடத்தப்படலாம்.' என் சர்வீஸில் நான் எழுதிய மிகச் சிறிய குறிப்பு அது. மண்டல அலுவலரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நான் லீவுல இருக்கேன்னு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே லீவு எழுதிக் கொடுத்தார்.

தனலட்சுமி அம்மா வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

"இந்த ரூலு எப்போ வந்துச்சு?"

"எப்பவும் இருக்கறதுதாம்மா."

நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நான் கஸ்தூரியின் விஷயத்தைச் சொன்னேன். பூங்காவோடு சேர்த்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களை இன்னா சொல்றது சூப்ரண்டு சார். அந்த அம்மாவாண்ட கட்டித் தரேன்னு சொன்னவ நானு. பூட்டிக் கெடக்கறதைத் தினிக்கும் பாத்துக்கினுதான் நடந்து போனேன். கல்லுல பேரு வருமே, வரட்டும்னு இருந்துட்டேன்" என்றார்.

"இப்போ திறந்தா பெரிய இடத்துல கோபம் வரும்மா. அடுத்த தடவை உங்களுக்குச் சீட்டு..."

"உங்களுக்கு?"

"எனக்கு இன்னும் ஏழு மாசம் சர்வீஸ். மெமோ வந்தா பென்ஷன் நிக்கும்."

"பயமா கீதா?"

"இருக்கும்மா."

"எனக்கும்தான். சாவியை எடுங்க" என்றார்.

கடைத்தெருவில் அப்போதுதான் தார்ப்பாய்களை விரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டே பேர். மேடை இல்லை, மாலை இல்லை, போட்டோக்காரர் இல்லை. மழையில் நனைந்து பூட்டு இறுகிப்போயிருந்தது. நான் சாவியை வைத்துக்கொண்டு போராடுவதைப் பார்த்துவிட்டு, சீப்பு விற்கும் பெண் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து பூட்டில் விட்டார். பூட்டு திறந்தது. சுற்றிப் பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். எல்லாரும் அம்மா பேசப்போகிறார் என்று எதிர்பார்த்து நின்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கோப்பை ஒரு கையிலும் பெண்கள் பையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எதிர்க் கடைப் பொம்மை கட்டியிருந்த புடவையின் ஜரிகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கதவு சாத்தும் சத்தம், தாழ்ப்பாள் சத்தம், கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் சோவென்று விழும் சத்தம். பிறகு குழாயில் கை கழுவும் சத்தம்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"தண்ணி நல்லா வருது. மூணாவது ரூம்பு தாப்பா லூசா கீது. சோப்பு வெக்கணும். எழுதிக்குங்க" என்றார் என்னிடம். நான் வாசலிலேயே நின்று கோப்பில் எழுதினேன். பிறகு பெண்களைப் பார்த்து, "இன்னாம்மா, என் மூஞ்சியையே பாத்துக்கினு நிக்கிறீங்க? போங்க" என்றார்.

முதலில் ஓடியது நடைபாதைப் பெண் இல்லை. எதிர் ஜவுளிக்கடையிலிருந்து சீருடைப் புடவை கட்டிய விற்பனைப் பெண் ஒருத்தி, கழுத்தில் அடையாள அட்டை ஆட, தெருவைக் குறுக்கே கடந்து ஓடினாள். அவள் பின்னால் இன்னும் மூன்று பேர். குளிரூட்டிய கடைக்குள் நாள் முழுக்க நிற்கிற அவர்களுக்கும் இதே கதைதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பத்தே நிமிஷத்தில் வரிசை நின்றுவிட்டது.

அம்மா அன்றைக்கே படிக்கட்டு ஜவுளிக்கடைக்காரரைப் போய்ப் பார்த்தார். "உங்க பொண்ணுங்கதான் மொதல்ல ஓடியாந்துச்சுங்க. அத்தினால சோப்பும் வெளக்குமாறும் உங்க செலவு" என்றார். மனிதர் மறுக்கவில்லை. கூட்டிக் கழுவ, ஆற்றங்கரையிலிருந்து குடிமாறிப்போன குடும்பங்களிலிருந்தே இரண்டு பெண்களை முறைப்படி வேலைக்கு எடுத்தோம். அந்தக் கோப்பை நான் ஒரே நாளில் முடித்தேன்.

மூன்றாம் நாள் பெரிய இடத்து உதவியாளர் போன் செய்தார். "யாரைக் கேட்டுத் திறந்தீங்க?"

"திறக்கலை ஐயா. சோதனை நடக்குது" என்றேன்.

"எப்போ முடியும்?"

"பயன்பாடு தொடர்ந்து இருக்கறதால இன்னும் முடியலை ஐயா."

அவர் போனை வைத்துவிட்டார். என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, விதி எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினேன், அத்தோடு நின்றது. இன்றுவரை அந்தக் கோப்பில் சோதனை முடிந்ததாக யாரும் எழுதவில்லை. கல்வெட்டுக்காக விட்ட பள்ளத்தில் அந்தப் பெண்களே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு அப்படி லேசாக முடியவில்லை. கார்த்திகையில் நடந்த பூங்கா திறப்பு விழாவுக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. கல்வெட்டு வாசகத்தில் ஆறாவது வரியை எடுத்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. எடுத்தது நான்தான். விழா முடிந்து ஒரு வாரம் கழித்து, காலை நடையில் அந்தப் பூங்கா வழியாக வந்தோம். அம்மா கல்லின் முன் நின்று, மேலிருந்து கீழாக முழுவதையும் படித்தார். "எழுத்து அழகா கீது சார்" என்று சொல்லிவிட்டு, ஊஞ்சல் சங்கிலி குழந்தைகளுக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறதா என்று அளக்கப் போய்விட்டார்.

அதற்கெல்லாம் முன்பு, தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு புதன்கிழமை. மனு வாங்கும் வரிசையில் கஸ்தூரி நின்றிருந்தார். மெலிந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தோளில் சரக்குப் பை. அவர் முறை வந்ததும் நான் பழக்கத்தில் பதிவேட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தேன்.

"எழுதாதீங்க சார். இன்னிக்கு மனு இல்ல" என்றார்.

"உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"தேவல. இடம் அப்பிடியே கீது, பொண்ணுங்க வெச்சிருந்துச்சுங்க. கடைக்குத்தான் போய்க்கினு கீறேன்." மூலையில் இருந்த தண்ணீர்க் கேனைக் காட்டினார். "கொஞ்சம் தண்ணி தாங்க சார்."

அலுவலக உதவியாளர் எழுந்தார். நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டு நானே டம்ளரில் பிடித்துக் கொடுத்தேன். கஸ்தூரி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரை நீட்டினார். மறுபடி பிடித்துக் கொடுத்தேன். அதை அவசரமில்லாமல், நடுவில் நிறுத்தி நிறுத்திக் குடித்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பதினொரு மணி வெயிலில், நாள் முழுக்கத் தி.நகரில் உட்காரப் போகிற ஒரு பெண், போகும் வழியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.